கல்யாணக் காருக்கு மட்டும் ஏன் விலக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தில் லண்டனுக்கு வெளியே வாடகைக் கார் ஓட்ட உள்ளூர் கவுன்சிலின் உரிமம், காரின் பின்னால் அந்த உரிமத்துக்கான தகடு, ஓட்டுநரின் குற்றப் பின்னணிச் சோதனை எல்லாம் வேண்டும். ஆனால் இதற்கான 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75ஆம் பிரிவு கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிற கார்களை விட்டுவிடுகிறது. சாவு வண்டி சரி, அதில் யாரும் ஏமாற்ற வழியில்லை. கல்யாணக் கார்தான் இடிக்கிறது. 'கல்யாணம் தொடர்பாக' ஓடும்வரை விலக்கு என்றால், மணப்பெண்ணை இறக்கிவிட்டு, பானெட்டில் கட்டிய வெள்ளை ரிப்பனை அவிழ்த்து டிக்கியில் போட்டுக்கொண்டு, நடுராத்திரியில் குடித்திருக்கும் விருந்தாளிகளைக் காசுக்கு ஓட்டலில் கொண்டுபோய் விடுவதும் அதில் சேருமா? லண்டனுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டம் கொஞ்சம் கறார், ஒரு கார் வாடகைக்கு ஓடுவதே கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான் என்றால்தான் விலக்கு. அதையே எல்லா ஊருக்கும் வைக்கலாமே.

பழைய ரோல்ஸ் ராய்ஸில் தகடு தொங்கினால் போட்டோ கெட்டுவிடும் என்பார்கள். நியாயம்தான், தகட்டை விட்டுவிடுங்கள், ஓட்டுநர் சோதனையை ஏன் விடுகிறீர்கள்?

அப்புறம், கார் பிடிக்கிறவர்களுக்கு ஒன்று: உரிமம் வேண்டாம் என்பதால் வாடகைக்கு ஓட்டுவதற்கான இன்சூரன்ஸும் வேண்டாம் என்று ஆகாது. அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

— ஒரு வாசகர், லெஸ்டர்