பகடை நியாயமாகத்தான் இருந்தது: சூப்பர்ஹீரோ ஆட்டங்களுக்கு விதி எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சூப்பர்ஹீரோ டேபிள்டாப் ஆட்டங்களுக்கு விதி எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் ஆட்டங்கள் இவை. நீங்கள் எழுதிய விதிகளை வைத்துப் பல வருடங்களாக ஆட்டம் நடத்திவரும் கேம் மாஸ்டர் நான், அதாவது கதையை நகர்த்தி, எதிரிகளுக்காகப் பகடை உருட்டுபவன். அடி படுமா என்று பார்க்க உருட்டும் தாக்குதல் வீச்சு எப்படி, இருபது முகப் பகடையில் 20 விழுந்தால் என்ன, 1 விழுந்தால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்லிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

எங்கள் குழுவில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். இப்படிப்பட்ட ஆட்டம் அவளுக்கு இதுதான் முதல்முறை. கதாபாத்திரத்துக்காக மூன்று வாரம் உழைத்திருந்தாள். ஓடும் ரயிலைக் கையால் நிறுத்தக்கூடிய நாயகி. உடையை அவளே வரைந்து கொண்டுவந்தாள், அந்த பலம் எப்படி வந்தது, அதை ஏன் வீட்டில் மறைக்கிறாள் என்று நான்கு பக்கம் எழுதியும் வைத்திருந்தாள். முதல் சண்டை. பாலம் ஒன்று இடிந்துகொண்டிருக்கிறது, எதிரே வில்லனின் அடியாட்கள். அவளுக்கு இருபது முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். விழுந்தது 5. அடுத்த சுற்றில் 3. அதற்கடுத்து 1, அதனால் விதிப்படி அவளுடைய அடுத்த முறையும் பறிபோனது. பிறகு 7.

நாங்கள் ஐந்து பேர் ஆடுகிறோம், ஒரு சுற்று முடிய கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதாவது ஒன்றரை மணி நேரம் அவள் உட்கார்ந்திருந்தாள். தன் முறை வந்ததும் எழுந்து பகடையை உருட்டினாள், “படவில்லை” என்று நான் சொல்வதைக் கேட்டாள், மறுபடி உட்கார்ந்தாள். மூன்று வாரம் யோசித்த அந்த நாயகி ஒரு அடிகூட அடிக்கவில்லை. அப்புறம், பெயர்கூட வைக்காத ஒரு அடியாளுக்கு நான் உருட்டியதில் 20 விழுந்தது. இரட்டைச் சேதம், அவள் அங்கேயே விழ வேண்டும். நான் உருட்டுவதை மறைக்க என் முன்னால் ஒரு திரை இருக்கும். அதற்குப் பின்னால் பகடையைத் திருப்பி வைத்து “12” என்றேன்.

ஆட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பும்போது அவள் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: “அண்ணா, நீங்க திருப்பி வச்சதைப் பார்த்தேன். பரவாயில்ல.” அந்தப் ‘பரவாயில்ல’தான் ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை, இந்த மடலுக்கும் அதுதான் காரணம்.

பகடையில்தான் கோளாறு என்று நீங்கள் சொல்லலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தேன். ஒரே முகம் திரும்பத் திரும்ப மேலே வரவில்லை. அந்தச் சோதனையில் பெரிய குறை இருந்தால்தான் தெரியும் என்பதால் உட்கார்ந்து 400 முறை உருட்டிக் குறித்தேன். ஒவ்வொரு முகமும் சராசரியாக 20 முறை வர வேண்டும், சந்தேகப்படும்படி எதுவும் விலகவில்லை. பகடை நியாயமாகத்தான் இருந்தது. விதிதான் நியாயமாக இல்லை.

கணக்கைப் பாருங்கள். 8 தேவை என்றால் தவறுவதற்கு 35 சதவீத வாய்ப்பு. தொடர்ந்து நான்கு முறை தவற ஒன்றரை சதவீதம். கேட்டால் அபூர்வம் போலத் தெரிகிறது. ஆனால் மேசையில் ஐந்து பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் நான்கு முறை தாக்கினால் அதில் யாராவது ஒருவருக்காவது நான்குமே தவற 7 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. ஏறக்குறைய 14 சண்டைக்கு ஒரு சண்டையில் யாரோ ஒருவர் அவளைப் போல உட்கார்ந்திருப்பார். இதைத் துரதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்வது? அச்சடித்த அன்றே இது உங்கள் விதிக்குள் இருந்தது.

குகைக்குள் வாளோடு போகும் கற்றுக்குட்டி வீரன் நான்கு முறை தவறினால் கதை கெடாது, அவன் கற்றுக்கொள்ள வந்தவன். சூப்பர்ஹீரோ கதையில் பலசாலி தோற்பதற்கு ஒரு காரணம் இருக்கும். பணயக்கைதி இருப்பார், ஏமாற்று இருக்கும், பலவீனத்தை எதிரி கண்டுபிடித்திருப்பான். கை குறி தவறிக்கொண்டே இருந்ததால் தோற்றாள் என்று யாரும் கதை எழுத மாட்டார்கள். வில்லனுக்கும் இதே நியாயம்தான். மாதக்கணக்கில் வளர்த்த வில்லன் முதல் சுற்றிலேயே ஒரு 20-இல் சுருண்டு விழுந்து, யாருக்கும் சந்தோஷமில்லாமல் முடிந்த இரவுகளையும் நான் நடத்தியிருக்கிறேன்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: எந்த ஒரு வீச்சும் தனியாக ஒரு நாயகியைச் சண்டையிலிருந்து வெளியேற்றக் கூடாது, தொடர்ந்து தவறுபவருக்கு ஒரு தரைமட்டம், அதாவது இதற்குக் கீழே போகாது என்ற எல்லை, இருக்க வேண்டும், அது முதன்மை விதியிலேயே இருக்க வேண்டும். ஓரத்தில் போடும் ‘விருப்ப விதி’ப் பெட்டியில் அல்ல.

இது முடியாத காரியமும் இல்லை. 1984-இல் வந்த மார்வெல் சூப்பர் ஹீரோஸ் ஆட்டத்திலேயே கர்மா புள்ளிகளைச் செலவழித்து வீச்சை உயர்த்தலாம். அந்தப் புள்ளிகளே கதாபாத்திரத்தை வளர்க்கவும் தேவைப்பட்டதால், அதிர்ஷ்டம் கெட்டவர் வளர்ச்சியையும் இழந்தார், அது ஒரு குறை. மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் என்ற ஆட்டம் இன்னும் தெளிவாகச் செய்தது: கையில் உள்ள ‘ஹீரோ பாயிண்ட்’ என்ற சலுகைப் புள்ளி ஒன்றைக் கொடுத்து மறுபடி உருட்டினால், 10 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் அதோடு 10 கூட்டிக்கொள்ளலாம், ஆக 11-க்குக் குறையாது. அப்படி ஒரே ஒரு புள்ளி அன்று அவள் கையில் இருந்திருந்தால் அந்த 3, நிச்சயமான அடியாக மாறியிருக்கும், நானும் பகடையைத் தொட்டிருக்க மாட்டேன்.

1981-இல் வந்த சாம்பியன்ஸ் ஆட்டம் தாக்குதலுக்கு மூன்று சாதாரண ஆறு முகப் பகடைகளை உருட்டிக் கூட்டச் சொன்னது. சம பலமுள்ளவர்கள் மோதினால் 11 அல்லது அதற்குக் கீழே தேவை, 62.5 சதவீதம். திறமை மூன்று புள்ளி கூடினால் அது 90 சதவீதத்தைத் தாண்டும். இருபது முகப் பகடையில் அதே மூன்று புள்ளிக்குப் பதினைந்து சதவீதம்தான் கூடும். மூன்று பகடை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. வெற்றி வாய்ப்பு ஒன்றாக இருந்தால், எத்தனை பகடை உருட்டினாலும் தொடர் தோல்வி அதே அளவுதான் வரும். ஆனால் அங்கே திறமைக்கு மதிப்பு இருக்கிறது. சேதத்துக்குப் பன்னிரண்டு பகடை உருட்டும்போது சராசரி 42, பெரும்பாலும் 36-க்கும் 48-க்கும் நடுவில் நிற்கும், அதனால் பலசாலியின் குத்து விழுந்தால் பலசாலியின் குத்தாகவே விழுகிறது.

பகடையே வேண்டாம் என்றும் நான் கேட்கவில்லை. 2003-இல் மார்வெல் பெயரில் பகடை இல்லாமல் கற்களை வைத்தே ஒரு ஆட்டம் வந்தது. எனக்குப் பகடை உருளும் அந்த ஒரு நொடி வேண்டும், மேசையில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. அந்த நொடியில் ‘எவ்வளவு நன்றாகச் செய்தாள், என்ன விலை கொடுத்தாள்’ என்பது முடிவாகட்டும். ‘அவள் இன்றைக்கு ஆடுவாளா’ என்பது முடிவாக வேண்டாம்.

கோபமாகவே ஒன்று சொல்லிவிடுகிறேன். சக்திகளின் பட்டியலுக்கு நூறு பக்கம் ஒதுக்குகிறீர்கள், பளபளக்கும் ஓவியங்கள் போடுகிறீர்கள், ஆனால் இந்த வீச்சில் தவறும் வாய்ப்பு எவ்வளவு, தொடர்ந்து தவறும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒரே ஒரு அட்டவணைக்கு இடமில்லை. அதற்குப் பதிலாக ‘தேவைப்பட்டால் கேம் மாஸ்டர் முடிவை மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரியால் நீங்கள் செய்ய வேண்டிய வேலை என் தலையில் விழுகிறது. நான் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது, நம்பி வந்தவள் அந்தப் பொய்யைப் பார்த்துவிடுகிறாள், அதற்குப் பிறகு அவள் உண்மையாகவே 20 உருட்டினாலும் நான் விட்டுக்கொடுத்ததாகத்தான் தோன்றும்.

கொஞ்சம் கடுமையாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள். இத்தனை வருடம் உங்கள் ஆட்டங்கள் எனக்குக் கொடுத்த நண்பர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். அடுத்த பதிப்பில் தயவுசெய்து அந்தத் தரைமட்டத்தை முதன்மை விதியாக எழுதுங்கள், பக்கத்திலேயே வாய்ப்புக் கணக்கையும் அச்சிடுங்கள். அதுவரை எங்கள் மேசையில் நாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: இரண்டு முறை தொடர்ந்து தவறினால், மூன்றாவது தாக்குதல் உருட்டாமலே படும். அடுத்த வாரம் அவள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். திரையை எடுத்துவிட்டு, எல்லார் கண் முன்னாலும் உருட்டப் போகிறேன்.

அன்புடன்,
ஒரு கேம் மாஸ்டர்