முதியவர்களை உட்கார வைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிவந்துவிட்ட எங்கள் முதியவர்களைப் பற்றி எழுதுகிறேன். விடியுமுன் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, நாளொன்றுக்கு 400, 500 ரப்பர் மரங்களைப் பாலுக்காகக் கீறி வெட்டி, பால் வாளிகளைத் தோளில் சுமந்து நடந்தவர்கள் இவர்கள். "உழைத்தது போதும், இனி உட்காருங்கள்" என்று பிள்ளைகள் சொல்வது பாசத்தினால்தான். என் தாயாரிடம் நானும் அப்படித்தான் சொன்னேன். அவர் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி வைத்தோம், சந்தைக்குப் போக விடவில்லை, பக்கத்திலிருக்கும் கோயிலுக்குக்கூடக் காரில் கொண்டுபோய் இறக்கினோம். இரண்டே ஆண்டுகளில், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதவராகிவிட்ட அவர், ஒரு நாள் குளியலறையில் விழுந்தார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை.

மரம் வெட்டிய காலத்து வலுவை உடம்பு சேமித்து வைத்துக்கொள்வதில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. வயது ஏற ஏறத் தானாகவே குறையும் தசை, வேலை கொடுக்காவிட்டால் இன்னும் விரைவாகக் கரைகிறது. உடற்பயிற்சி சிகிச்சையாளர் ஒருவர் அவருக்குக் கற்றுத்தந்தவை மிக எளியவை: சுவரையொட்டிப் போட்ட நாற்காலியில் முடிந்தவரை கைகளை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, அதே இடத்தில் ஒற்றைக் காலில் சில விநாடிகள் நிற்பது. மூன்று மாதங்களில் அவர் தாமே கோயிலுக்கு நடந்து போகத் தொடங்கினார்.

65 வயதைக் கடந்தவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் கூறுகிறது. அத்துடன் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சியும் வேண்டும் என்கிறது. நம்மவர்களில் உடற்பயிற்சி செய்பவர்கள்கூட காலை நடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கீழே விழாமல் காப்பதில் பெரும்பங்கு சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சிக்கே உண்டு என்பதை இங்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இயங்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிப்பதால், இனிப்புநீர் (நீரிழிவு) உள்ள வீடுகளுக்கு இது மேலும் முக்கியமாகிறது. இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை எடுப்பவர்களும், சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்ந்துவிடாதிருக்க, எந்த நேரத்தில் பயிற்சி செய்யலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எங்கள் வட்டாரக் கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். திருமணம் இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கும் மண்டபங்களை, வெயில் ஏறுமுன் காலையில் ஒரு மணி நேரம் முதியவர்களுக்காகத் திறந்துவிடுங்கள். மின்விசிறியும் பத்து உறுதியான நாற்காலிகளும் போதும். தங்கள் இதழும் வாரந்தோறும் ஒரு பயிற்சியைப் படத்துடன், முதியவர்கள் படிக்கக்கூடிய பெரிய எழுத்தில் வெளியிட்டால், அதை வெட்டி எங்கள் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.