யுனைடெட்டை அடித்தது யார்?

கிள்ளான்
18.10.2025

அன்புள்ள கீப்பர்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். நாளை மறுநாள் தீபாவளி, முறுக்குப் பிழிகிற வேலையிலிருந்து நழுவி வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். மே மாதம் நீ அனுப்பிய குரல்பதிவுக்கு இப்போதுதான் பதில். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். "மென்செஸ்டர் யுனைடெட்டையே அடித்துவிட்டோம், உன்னிடமிருந்து சத்தமே காணோமே" என்று கேட்டிருந்தாய். பின்னால் உன் வீட்டம்மா சிரித்ததும் விழுந்தது.

அடித்தது யாருடா? நாமா, மலேசியாவா? அது தென்கிழக்கு ஆசிய நாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்த்த ஆசியான் நட்சத்திரக் கால்பந்து அணி. கோல் போட்ட மாங் மாங் லுவின் மியன்மார்க்காரர். பயிற்சியாளர் கிம் சாங் சிக் தென்கொரியர், வேலை பார்ப்பது வியட்நாமுக்கு. புக்கிட் ஜாலில் திடல் மட்டும்தான் நம்முடையது, டிக்கெட் காசும்தான். பெர்த்தில் உட்கார்ந்துகொண்டு "நாம்" என்று சொல்ல உனக்கு நாக்கு கூசவில்லையா?

சின்னவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். 72,550 பேர் என்று அறிவித்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்புச் சட்டை, என் மகளும் சிவப்புதான். 71ஆவது நிமிடம் அந்த கோல் விழுந்ததும் அதே சிவப்புச் சட்டைக்காரர்கள் எழுந்து குதித்தார்கள். முடிந்ததும் யுனைடெட் ஆட்டக்காரர்களைப் பார்த்து ஊளையிட்டதும் அவர்களேதான். இவள் என்னைப் பார்த்து, "அப்பா, நாம இப்ப எந்தப் பக்கம்?" என்றாள். வண்டி எடுக்கும்போது சொல்கிறேன் என்று தப்பித்தேன். வண்டியில் அவள் தூங்கிவிட்டாள், நல்ல வேளை.

யுனைடெட்டின் நிலைமையையும் யோசித்துப் பார். பில்பாவோவில் ஐரோப்பா லீக் இறுதியாட்டத்தில் டோட்டன்ஹாமிடம் தோற்று ஒரு வாரம். இங்கிலாந்து லீக்கில் 15ஆவது இடம். கடைசி ஆட்டம் முடிந்து மூன்றே நாளில், அடுத்த பருவம் ஐரோப்பியப் போட்டியே இல்லை என்று தெரிந்த நிலையில், காசுக்காகக் கோலாலம்பூருக்குப் பறந்து வந்தவர்கள். மே மாதப் புழுக்கத்தில் அவர்களை 1-0 என்று வென்றதை வெற்றிக் கணக்கில் எழுத எனக்குக் கை வரவில்லை.

சரி, யுனைடெட் இங்கே வந்து நம்மோடு ஆடிய 2009ஐ இழுப்பாய் என்று தெரியும். நம் அம்ரி யாஹ்யா போட்ட அந்த இரண்டு கோல்! ரொனால்டோவை விற்றுவிட்டு வந்த யுனைடெட் ரூனி, நானி என்று இரண்டு போட்டதும் கதை முடிந்தது என்று நினைத்தோம். பிறகு 2-2 ஆனபோது நம் மாஸ்டர் செய்த காரியத்தை இங்கே எழுத முடியாது, பிள்ளைகள் படிக்கும். கடைசியில் புதிதாய் வந்த ஓவன் ஒன்று போட்டு 3-2 ஆக்கினார். அதற்கு முந்தின நாள்தான் ஜகார்த்தா ஹோட்டல்களில் குண்டு வெடித்தது. அங்கே போகவேண்டிய அணி இங்கேயே தங்கி, இரண்டு நாள் கழித்து இன்னொரு ஆட்டம் ஆடியது. அதில் 0-2. அந்த இரண்டாவது ஆட்டத்தை நம்மில் ஒருவரும் பேசுவதில்லை, கவனித்தாயா? 2011இல் லிவர்பூல் 6-3 என்று அடித்துவிட்டுப் போனது. நீ இன்றுவரை சொல்வது சஃபீ சாலியின் இரண்டையும் சஃபிக் ரஹிமின் ஒன்றையும் மட்டும்தான். நாம் வாங்கிய ஆறும் ஒரு கீப்பருக்கு எப்படியடா மறக்கும்?

என் வயிற்றெரிச்சல் 2007. ஆசியக் கிண்ணத்தை நாமும் சேர்ந்து நடத்துகிறோம். அது நடக்கும் நாட்களிலேயே யுனைடெட்டை இங்கே வரவழைக்க ஏற்பாடு! ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு மல்லுக்கு நின்றதால் கைவிட்டார்கள். அந்தப் போட்டியில் நாம் என்ன செய்தோம்? சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2. காசு கட்டி வரவழைத்தவர்கள் நம்மைச் செல்லமாக அடிப்பார்கள். பாதி ஆட்டத்தில் ஆளை மாற்றிவிடுவார்கள், காலில் அடிபடாமல் ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் அவர்களுக்கு. புள்ளிக்காக ஆடுகிறவனிடம் அந்தச் செல்லமெல்லாம் கிடையாது.

நம் திடல் நிறைய வெள்ளைக்காரன் வரவேண்டும் என்கிறவர்களுக்கு நான் சொல்வது 2010. நம் பயிற்சியாளர் ராஜகோபால் முந்தின ஆண்டுதான் சீ (தென்கிழக்கு ஆசிய) விளையாட்டுத் தங்கத்தை 20 ஆண்டு கழித்துக் கொண்டுவந்திருந்தார். தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ண இறுதியாட்டம், இரண்டு கட்டம், எதிரே இந்தோனேசியா. முதல் கட்டம் இங்கே. அன்று அரங்கமே நம் அணியின் மஞ்சள். நமக்கு மூன்று கோல். பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். (எதிரணி ஆட்டக்காரர்கள் மேல் நம் ஆட்கள் லேசர் அடித்த சமாசாரத்தைப் பற்றி வாயே திறக்கமாட்டேன், பயப்படாதே.) அடுத்த கட்டத்தில் ஜகார்த்தாவில் 1-2 தோற்றும், மொத்தக் கோல் கணக்கில் கிண்ணம் நமக்குத்தான். அன்று எந்தப் பக்கம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

இவ்வளவு நாள் எழுதாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. யுனைடெட் ஆட்டம் முடிந்து இரண்டு வாரத்தில், ஜூன் 10, அதே புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4-0. ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்று, புள்ளிக்கான ஆட்டம்! அன்றிரவே உனக்கு எழுத உட்கார்ந்திருக்கலாம், கொஞ்சம் பொறுப்போம் என்று விட்டேன். செப்டம்பரில் ஃபிஃபா குண்டைப் போட்டது. நம் அணியில் வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்கள், தாத்தா பாட்டி இங்கே பிறந்ததாகக் காட்டிய ஆவணங்கள் போலி என்று சொல்லி ஏழு பேருக்கும் 12 மாதத் தடை, மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு அபராதம். சங்கம் மேல்முறையீட்டுக்குப் போனது. மாமாக் சாப்பாட்டுக் கடையில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. மாஸ்டர் பேசுவதையே நிறுத்திவிட்டார், தே தாரிக் தேநீர் ஆறும்வரை வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்.

2015இல் லிவர்பூலோடு 1-1 என்று சமன் கண்டோமே, நம் கோலைப் போட்டவர் லைபீரியாக்காரர். அன்று எவ்வளவு கிண்டல் செய்தோம்! இப்போது நினைத்தால் அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது. "மலேசியா லெவன்" என்று போட்டுக்கொண்டார்கள், தேசிய அணி என்று சாதிக்கவில்லை. யாருடைய பாட்டி எந்த ஊரில் பிறந்தாள் என்று எவனும் தாள் காட்டவேண்டியதில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் தரவரிசையில் ஒரு புள்ளி ஏறாது, இறங்காது. வேடிக்கை ஆட்டம் என்று சொல்லியே வேடிக்கை காட்டினார்கள். நிஜ ஆட்டத்தில் அதைச் செய்தால்தான் எனக்கு ஆறவில்லை.

இன்னொரு சேதி. சின்னவள் பள்ளி அணியில் கீப்பர். ஆமாம், உன் சாபம்தான். பந்து வருமுன்னே கோல் கோட்டை விட்டு ஓடிவருகிறாள், உன்னைப் போலவே, தலைக்கு மேல் வாங்கிக்கொண்டு திரும்புகிறாள். நான் சொன்னால் கேட்பதில்லை, "அங்கிள் சொல்லட்டும்" என்கிறாள். வரும் ஞாயிறு காணொளியில் கூப்பிடு, உங்கள் ஊர் நேரம் இங்கேயும் அதேதான், சாக்குச் சொல்லாதே. டிசம்பரில் வரும்போது அவளுக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கி வா, அளவு 7. பணம் தருகிறேன், அதாவது தருவதாகச் சொல்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் தீபாவளி வாழ்த்து.

உன்,
ரைட் விங்