ரிகர்வை விட்டு லாங்போவுக்கு: பவுண்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரிகர்வ் (நுனி வெளிப்பக்கம் வளைந்த, ஒலிம்பிக்கில் எய்கிற வகை) வில்லிலிருந்து லாங்போவுக்கு (அந்த வளைந்த நுனி இல்லாத, பழைய பாணி நீள வில்) மாற நினைப்பவர்களுக்காக உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். வில்லுக்கும் நாலு பத்தி கிடைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் இப்போது இழுக்கிற ரிகர்வ் எத்தனை பவுண்டோ, அதே பவுண்டில் ஒரு லாங்போவை வாங்கிக்கொள்ளலாம் என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, பத்திரிகைத் துண்டும் கையுமாக எங்கள் பயிற்சித் திடலில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

சைட் (குறி பார்க்கும் கருவி), கிளிக்கர் (முழுசாக இழுத்ததும் சத்தம் கொடுக்கும் தகடு), ஸ்டெபிலைசர் (ஆட்டத்தைக் குறைக்கும் பாரக் கம்பி) எல்லாம் மாட்டிய ரிகர்வில் பல வருடம் எய்தவள் நான். இப்போது லாங்போ மட்டும்தான். புதிதாக மாறுகிறவர்களுக்கு வில் பார்த்துக் கொடுக்கிற வேலையும் எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. எனக்கு உயரம் குறைவு, கை நீளமும் குறைவு. வில்லின் மேல் எழுதியிருக்கும் எண்கள் எல்லாம் நீளக் கைக்காரர்களுக்காக எழுதப்பட்டவை என்பது என்னைப் போன்றவர்களுக்குச் சீக்கிரமே புரிந்துவிடும்.

அந்த எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். வில்லில் 40 பவுண்டு என்று எழுதியிருந்தால், 28 அங்குலம் இழுக்கும்போது விரலில் விழுகிற கனம் அது. அதற்கு முன்னும் பின்னும் அங்குலத்துக்கு இரண்டிலிருந்து மூன்று பவுண்டு வரை மாறும். 26 அங்குலம் இழுப்பவர் கையில் அதே வில் 35 பவுண்டு சொச்சம்தான். இதோடு ரிகர்வில் இன்னொரு சிக்கலும் உண்டு. கைப்பிடியுள்ள நடுப்பகுதி ரைசர், அதில் மாட்டுகிற வளையும் கைகள் லிம்ப். லிம்பில் எழுதியிருப்பது பெரும்பாலும் 25 அங்குல ரைசருக்கான கணக்கு. 23 அங்குல ரைசரில் அதே லிம்பை மாட்டினால் கனம் கூடும். போதாக்குறைக்கு ரைசரின் போல்ட்டைத் திருகி வேறு மாற்றி வைத்திருப்பார்கள். தன் வில் எத்தனை பவுண்டு என்று வாயால் சொல்பவரிடம் ஒரு தொங்கு தராசைக் கொடுங்கள். அதன் கொக்கியில் நாணை மாட்டி, வழக்கமாக இழுக்கிற அளவுக்கு இழுத்துப் பார்க்கட்டும். சொன்ன எண்ணும் தராசு காட்டுகிற எண்ணும் ஒன்றாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அப்படியிருக்க, எந்த 'அதே பவுண்டை' வாங்குவது?

சரி, தராசில் பார்த்துச் சரியான எண்ணைக் கண்டுபிடித்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். லாங்போவுக்கு அந்த எண் அப்படியே வராது. ரிகர்வில் கிளிக்கர் சத்தம் கேட்கும்வரை இழுத்தாக வேண்டும், நாண் தாடைக்கு அடியில் போய் உட்காரும், வில் பிடிக்கிற கை நேராக நிற்கும். லாங்போவில் வாயோரத்தில் நங்கூரம் (நாணை இழுத்த கை வந்து நிற்கும் இடம்), முழங்கை லேசாக மடங்கும், வில்லைச் சற்றுச் சாய்த்துப் பிடிப்போம், உடம்பும் கொஞ்சம் முன்னால் வரும். பலருக்கு இதிலேயே ஒரு அங்குலம் போய்விடும், சிலருக்கு அதற்கு மேலும். ஆகவே முதல் வேலை கடைக்குப் போவது இல்லை. யாரிடமாவது ஒரு லேசான லாங்போவைக் கடன் வாங்கி, நீளமான அம்பைப் பூட்டி, நாலைந்து வாரம் எய்துவிட்டு, அப்புறம் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி அம்பில் பென்சிலால் குறி போடச் சொல்லுங்கள். முதல் நாளே அளந்தால் ரிகர்வ் பழக்கத்தின் அளவுதான் கிடைக்கும்.

இவ்வளவு நுணுக்கிப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. ரிகர்வில் தவறான பவுண்டை வாங்கிவிட்டால் லிம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், ரைசர் அப்படியே இருக்கும். லாங்போ பெரும்பாலும் ஒரே துண்டு. தைத்து முடித்த சட்டை மாதிரி, உள்ளே பிரித்துவிட மடிப்புத் துணி கிடையாது.

என் கணக்கு இதுதான்: விரலில் விழுகிற உண்மையான கனத்திலிருந்து ஐந்து முதல் எட்டு பவுண்டு வரை குறைத்து வாங்குங்கள். இதைச் சொன்னதும் இளைஞர்கள் முகம் சுருங்கும். ஒரே பவுண்டில் லாங்போவின் அம்பு ரிகர்வை விட மெதுவாகப் போகும் என்பது உண்மை. இழுக்கத் தொடங்கும்போதே ரிகர்வின் வளைந்த நுனிகள் கனம் காட்டும், அதனால் உச்சக் கனம் ஒன்றாக இருந்தாலும் அதில் சேர்கிற ஆற்றல் அதிகம். அந்த வேகத்தை ஈடுகட்ட இன்னும் கனமான லாங்போவை வாங்கலாமே என்று மனசு சொல்லும். ஆனால் ஸ்டெபிலைசரோடு இரண்டு மூன்று கிலோ இருந்த வில்லை வைத்துவிட்டு, ஒரு கிலோ கூட இல்லாத வில்லை எடுக்கிறோம். முன்பு அந்தப் பாரமே கை நடுக்கத்தைப் பாதி விழுங்கிக்கொண்டிருந்தது. இப்போது விரல் நாணை விடும்போது செய்கிற சின்னப் பிசகும் அம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். வில்லோடு மல்லுக்கட்டுகிற கைக்கு இதைக் கவனிக்க நேரமே இருக்காது.

கனமான வில் கேட்பவர்கள் உடனே ஆங்கிலேய வில்வீரர்களை இழுப்பார்கள். 1545ல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலை 1982ல் கடலிலிருந்து தூக்கினார்கள். அந்தக் கப்பலில் முழுசாகக் கிடைத்த லாங்போக்களே நூற்றுக்கு மேல். அவை 100 பவுண்டையும் தாண்டியவை என்பதுதான் ஆராய்ந்தவர்களின் கணிப்பு. இருக்கட்டும். அந்த ஆட்கள் சிறுவயதிலிருந்தே அதே வேலையாக வளர்ந்தவர்கள். அலுவலகம் முடிந்து சாயங்காலம் வந்து எய்கிற நமக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்து வில்லின் நீளம். உங்கள் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. ரிகர்வ் லிம்பின் நுனி வெளிப்பக்கமாக வளைந்திருக்கும், நாண் அதன் மேல் படிந்திருக்கும். இழுக்க இழுக்க நாண் லிம்பை விட்டு எழும்புவதால் கடைசி அங்குலங்கள் கூட வழுக்கிக்கொண்டு வரும். லாங்போவில் அந்தச் சலுகை கிடையாது. குட்டையான லாங்போவை நீளமாக இழுத்தால் கடைசியில் சுவரில் முட்டியது போலக் கனம் திடீரென்று ஏறும், நாண் விரல்களை நெருக்கிப் பிடிக்கும். 28 அங்குலம் இழுப்பவர் தட்டை லிம்ப் லாங்போவில் 66, 68 அங்குலத்துக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. என்னைப் போலக் குறைவாக இழுப்பவர்களுக்கு 64 போதும், அதற்கு மேல் நீளம் கூடினால் வில் சோம்பலாகத்தான் நிற்கும். பட்டைக் கண்ணாடியிழை இல்லாத, தடித்த குறுகிய லிம்ப் கொண்ட ஆங்கில வகை மர வில்லுக்கு 72 அங்குலம் சாதாரணம். அந்த வகையில் செய்தவர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு அங்குலம் இழுப்பது கூட ஆபத்து, முழு இழுப்பில் நிறுத்தி நிதானமாகக் குறி பார்க்கவும் கூடாது. ரிகர்வில் கிளிக்கருக்காகக் காத்து நின்று பழகியவர்களுக்கு இது பெரிய மாற்றம். அதனால்தான் முதல் லாங்போ தட்டை லிம்ப், கண்ணாடியிழை சேர்ந்ததாக இருக்கட்டும் என்கிறேன். மர வில் மேல் ஆசையிருந்தால் இரண்டாவதாக வாங்கிக்கொள்ளலாம்.

ரிகர்வுக்கும் லாங்போவுக்கும் இடைப்பட்ட ஒரு வகையும் உண்டு. நாண் பூட்டாதபோது லிம்ப் உள்ளே போய் வெளியே வருகிற மாதிரி வளைந்திருக்கும், பூட்டினால் பழைய லாங்போ போல ஒரே வளைவாகிவிடும். வேகமும் கொஞ்சம் கிடைக்கும், கையில் அதிர்வும் குறைவு. ரிகர்விலிருந்து வருகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் கைகாட்டுவது இதைத்தான். ஆனால் போட்டிக்குப் போகிற எண்ணமிருந்தால் வாங்குமுன் நாண் பூட்டிப் பாருங்கள். உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் லாங்போ பிரிவில், பூட்டிய வில் ஒரே பக்கமாக வளைந்து நிற்க வேண்டும். நீளமும் ஆண்களுக்கு 160 சென்டிமீட்டர், பெண்களுக்கு 150 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, அம்பு மரத்தில்தான் இருக்க வேண்டும்.

கைப்பிடியைக் கையில் பிடிக்காமல் தீர்மானிக்கவே முடியாது. ரிகர்வில் உள்ளங்கை முழுசாகப் படியாது. கட்டைவிரலின் அடிமேட்டில் வில்லைத் தாங்கி, விரல்களைத் தளர்த்தி, அம்பு போனதும் வில் முன்னால் விழ விட்டு, விரலில் கட்டிய கயிற்றில் அதை நிறுத்துவோம். நேர்க்கைப்பிடி லாங்போவில் அப்படிச் செய்தால் வில் தரையில் கிடக்கும். அடிமேட்டோடு உள்ளங்கையின் கீழ்ப்பாகமும் அழுந்த, இறுக்காமல் பிடிக்க வேண்டும். நடுவில் லேசாகக் குழிந்த கைப்பிடியானால் கை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் போய் உட்காரும், மாறுகிறவர்களுக்கு அது நிம்மதி. எய்ததும் முழங்கைவரை ஒரு உதறல் வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் வில்லைக் குறை சொல்வதற்கு முன் கனமான அம்பை எய்து பாருங்கள். ரிகர்வுக்கு வாங்கிய மெல்லிய கார்பன் அம்பைத்தான் பாதிப் பேர் இதிலும் பூட்டுகிறார்கள். வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் பத்து கிரெய்ன் (அம்பை நிறுக்கிற சிறிய எடை அலகு) எடையுள்ள அம்பு என்று வைத்துக்கொண்டால், அதிர்வும் சத்தமும் பாதி அடங்கிவிடும்.

அம்பு என்றதும் சொல்ல வேண்டியது நிறைய. ரிகர்வின் ரைசரில் நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே வெட்டியிருக்கும், அம்பு நேராக முன்னால் போகும். லாங்போவில் அந்த வெட்டு பெரும்பாலும் நடுக்கோடு வரை வராது, சிலவற்றில் வெட்டே இருக்காது. அம்பு பக்கவாட்டில் வளைந்து வில்லைச் சுற்றிக்கொண்டுதான் போயாக வேண்டும். அதற்கு விறைப்புக் குறைந்த அம்பு வேண்டும். விறைப்பான அம்பு, வலதுகைக்காரருக்கு இடப்பக்கமே போய்க் குத்தும். ரிகர்வில் நன்றாக எய்தவர் ஒருவர் இதைப் பார்த்துத் தன் கையில்தான் கோளாறு என்று தினமும் தோளைத் திருத்திக்கொண்டிருந்தார். அம்பை மாற்றிக் கொடுத்ததும் அன்றைக்கே நடுவுக்கு வந்தது. ஆகவே வில்லோடு சேர்த்து ஒரு டஜன் அம்பை வாங்காதீர்கள். வெவ்வேறு விறைப்பில் இரண்டு மூன்று மட்டும் வாங்கி, நீளமாகவே வைத்து எய்து பாருங்கள். அப்புறம் வெட்டலாம்.

பிளாஸ்டிக் இறகும் இங்கே ஆகாது. வில்லில் உரசும்போது அது மடங்காமல் அம்பைத் தள்ளிவிடும், நிஜ இறகுதான் மடங்கிக் கொடுக்கும். ரெஸ்ட் (அம்பு உட்காரும் சிறு தாங்கி) இல்லாத வில்லில் அம்பு நம் ஆள்காட்டி விரல் முட்டியின் மேலேயே ஏறிப் போகும். அப்போது இறகின் முன்பக்க ஈர்க்கு நுனி தூக்கிக்கொண்டிருந்தால் தோலைக் கீறிவிடும். ஒவ்வொரு இறகின் தொடக்கத்திலும் நூலை நெருக்கமாகச் சுற்றி ஒரு துளி பசை வைத்தால் அது படிந்துவிடும். விரலால் வால் பக்கம் நோக்கித் தடவிப் பாருங்கள், எங்கேயும் தட்டக்கூடாது. நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளியும் ரிகர்வை விடக் குறைவு, ஆறரை ஏழு அங்குலம்தான். நாண் முன்கையில் அறைய வாய்ப்பு அதிகம், அதனால் நீளமான கைக்காப்பு வேண்டும்.

பழைய வில் வாங்குகிறவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. கொஞ்சம் பஞ்சை எடுத்து லிம்பின் இரு பக்கமும் நுனிவரை இழுத்துப் பாருங்கள். பஞ்சு இழை சிக்குகிற இடத்தில் சிலும்பு எழும்பியிருக்கும். மர வில்லானால் உட்பக்கத்தில் குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும், மரம் நசுங்கத் தொடங்கியதன் அடையாளம் அது. நுனி வலுப்படுத்தாத பழைய வில்லில் நீளாத புதுவகை நாணைப் பூட்டினால் நுனி விரிந்துவிடும். சற்று நீண்டு கொடுக்கும் டாக்ரான் நாணே போதும்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அந்தக் குறிப்பைத் திருத்தி மறுபடியும் வெளியிடுவதானால், ஒரு சின்ன அட்டவணையாகவே போட்டு, பவுண்டுக் கட்டத்துக்கு முன்னால் இழுப்பு நீளம் என்று ஒரு கட்டமும், அதற்குப் பக்கத்தில் வில்லின் நீளம் என்று ஒரு கட்டமும் சேருங்கள். 24 அங்குலம் இழுப்பவர்களுக்கும் அதில் ஒரு வரி இருக்கட்டும்.

இப்படிக்கு,
லாங்போ எய்யும் ஒரு வாசகி