முடிச்சில் கை வைக்காதே

அன்புள்ள குமரேசா,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள், இப்போது விஷயம் ரகுவைப் பற்றியது. போலீஸ் பயிற்சிக்குப் போகப் போகிறவன், போனில் அடித்துச் சொல்கிறான்: கயிற்று முடிச்சைப் பார்த்தாலே கொலைகாரன் இடக்கைக்காரனா என்று சொல்லிவிடலாமாம்!

சாதாரண ஒற்றை முடிச்சையே எடுத்துக்கொள். நுனியை எந்தப் பக்கமாகச் சுற்றி நுழைக்கிறோமோ அதைப் பொறுத்து முறுக்கு இடமாகவோ வலமாகவோ விழும், ஆய்வாளர்கள் இதை எஸ், இசட் என்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முடிச்சு போடும்போது அதே முறுக்கு இரண்டு முறை வந்தால் கிரானி முடிச்சு, எதிரெதிராக வந்தால் ரீஃப் முடிச்சு. ஷூ நாடாவின் பூ குறுக்கே கிடக்காமல் நீளவாக்கில் திரும்பிக்கொண்டால் அது கிரானி. கல்லூரியிலிருந்தே உன்னுடையது அப்படித்தான், வேண்டுமானால் செல்வியைக் கேள்.

யோசிக்காமல் கட்டும்போது அவரவர் பழக்கம் முடிச்சில் வந்துவிடுகிறது, சரி. ஆனால் வலக்கைக்காரர்களிலேயே இரண்டு விதமாகவும் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கனடாவின் முடிச்சு ஆய்வாளர் ராபர்ட் சிஸ்னால் 2010இல் இதைப் பற்றியே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஊரே போடும் முடிச்சை வைத்து ஒருவனைக் கைகாட்டினால் நிரபராதி மாட்டிக்கொள்வான், அதுதான் என் கவலை.

முடிச்சு வேறு எவ்வளவோ சொல்லும், குமரேசா. கட்டுண்டு கிடப்பவர் தானே கட்டிக்கொண்டிருக்க முடியுமா, எது முதலில் போட்டது, எது பிறகு, கட்டியவருக்குக் கயிற்றுவேலை பழக்கமா என்றெல்லாம் பார்க்கலாம். இறுகிய மடிப்புக்குள் கட்டியவரின் தோல் செல்கள்கூடச் சிக்கியிருக்கலாம், அதிலிருந்து டிஎன்ஏ கிடைக்க வழியுண்டு. அவிழ்த்துவிட்டால் எல்லாம் போச்சு. கழுத்தில் சுருக்கோடு இருப்பவருக்கு உயிர் இருக்கலாம் என்றால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் வெட்டத்தான் வேண்டும், ஆனால் முடிச்சை விட்டுத் தள்ளி வெட்ட வேண்டும். அப்புறம் வெட்டுப்பட்ட இரண்டு நுனிகளையும் நூலால் இணைத்துக் குறித்துவைத்தால், எங்கே வெட்டினோம், எந்த நுனி ஏற்கெனவே இருந்தது என்ற குழப்பம் வராது. முன்னும் பின்னும் படம் எடுப்பது அதைவிட முக்கியம், ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் ரீஃபையும் கிரானியையும் அவசரத்தில் மாற்றிச் சொல்லிவிடுவார்கள்.

லண்டன் தேம்ஸ் நதிப் போலீஸில் இருந்த ஜெஃப்ரி பட்வொர்த், 1982இல் முடிச்சுக்காரர்களுக்கென்றே சர்வதேசச் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர், வழக்கு முடிச்சுகளையும் ஆராய்ந்திருக்கிறார். இவரைப் பற்றிச் சொன்னாலாவது ரகு காது கொடுப்பான். நான் சொன்னால் வாதம்தான் பண்ணுவான், உன் பேச்சைக் கேட்பான். பயிற்சிக்குக் கிளம்புமுன் அவனை ஒரு தடவை கூப்பிட்டுப் பேசிவிடு.

அன்புடன்,
பாலு