ஆய்வகத்தில் முதல் செலவு ஏசிக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொண்டி, மண்டபம் பகுதிப் பழைய ஆய்வகங்களைப் புதுப்பிப்போர் ஃபியூம் ஹூடிலிருந்து (நச்சுப்புகையை விசிறியால் வெளியேற்றும், கண்ணாடிக் கதவுள்ள பெட்டி) தொடங்க வேண்டும். குளிரூட்டிய காற்றை அது இரவும் பகலும் வெளியே தள்ளுகிறது. ஈடாக உள்ளே வரும் ஈரக் கடல்காற்றை ஏசி மறுபடி குளிர்விக்கிறது. கண்ணாடிக் கதவை இறக்கியதும் விசிறி தானே மெதுவாகும்படி சென்சாரும், விசிறியின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவியும் பொருத்துங்கள். வேகம் 20 சதவீதம் குறைந்தால் விசிறியின் மின்செலவு ஏறக்குறைய பாதியாகும். ஆனால், ஹூடின் திறந்த வாயில் காற்றின் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர் அளவில் இருக்கிறதா என்று அனிமோமீட்டரால் பார்க்காமல் குறைக்கவே கூடாது. உள்ளே வேலை செய்பவரின் நுரையீரல் சம்பந்தப்பட்டது.

ஏசி வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளை உப்பு அரிக்கும். எப்பாக்சி பூச்சுள்ளதை வாங்கி, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர்வெல் உப்புத்தண்ணீர் ஆகாது.

வாசகர்கள்,
மண்டபம்