மதினிக்கு, காரையாத்து குடில்ல நடந்தத பத்தி

மதினி,

இத போன்லயே சொல்லியிருக்கலாம். நாலஞ்சு தடவ உங்களுக்கு போன் போட்டு, குட்டிப்பய என்ன பண்றான், சாப்பிட்டானா, தூங்குறானான்னு மட்டும் கேட்டுட்டு வச்சிட்டேன், சொல்ல வாய் வரல. அன்னைக்கு நான் பேசுனது நம்ம சொந்தக்காரங்க முப்பது நாப்பது பேர் முன்னாடி. மன்னிப்ப மட்டும் தனியா உங்க காதுல வந்து கேட்டா சரியா இருக்காது. நம்ம வீட்டு ஆளுங்க பாதிப்பேரு நான் இங்க எழுதுறத படிக்கிறவங்கதான், அதனால இங்கயே எழுதுறேன்.

தெரியாதவங்களும் படிப்பாங்கன்னு கொஞ்சம் முன்கதை. எங்க குலதெய்வம் காரையாறு சொரிமுத்து அய்யனார். பாபநாசத்துக்கு மேல, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள, தாமிரபரணி கரையில இருக்கு கோயில். ஆடி அமாவாசை வந்தா தென்மாவட்டத்துல இருந்து குடும்பம் குடும்பமா வந்து ஆத்தங்கரையில கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டி, குடில் போட்டு தங்குவோம். அடுப்பு மூணு கல்லு, குளிக்க ஆறு, படுக்க பாய். இப்போ கேம்பிங்குன்னு காசு கட்டி போறாங்கல்ல, எங்க ஆச்சி சின்னப்புள்ளயா இருக்கும்போதே மாட்டு வண்டி கட்டி இதுக்கு போயிருக்காவ. சிங்கம்பட்டி ஜமீன் ராஜா அன்னைக்கு ராஜ உடுப்புல உக்காந்து காட்சி குடுப்பாரு, 2020-ல அவரு இறந்து போனாரு, இன்னமும் ஆச்சி அந்தப் பக்கம் போனா ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டுதான் நகருவாவ.

கோயம்புத்தூர்ல பொறந்து வளர்ந்த உங்களுக்கு இதெல்லாம் புதுசு. குட்டிப்பயலுக்கு முதல் மொட்டையும் காதுகுத்தும் குலதெய்வம் கோயில்லதான், அதுவும் ஆடி அமாவாசைக்குதான்னு அப்பா சொன்னப்ப நீங்க ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. ஒன்னே ஒன்னுதான் கேட்டீங்க, எங்க அண்ணன் மடியில வச்சுத்தானே மொட்டை போடுவீங்கன்னு. ஆமா பின்ன, தாய்மாமன் மடி இல்லாம எப்படின்னு எல்லாரும் சொன்னோம்.

அந்த வருஷ கட்டுப்பாடு எல்லாம் கடைசி நேரத்துலதான் தெளிவா தெரிஞ்சுது. குடில் போடுறவங்க வியாழக்கிழமைக்குள்ள சாமானோட வண்டியில உள்ள போயிறணும், வெள்ளிக்கிழமையில இருந்து பிரைவேட் வண்டி எதுவும் மேல போகக் கூடாது, அகஸ்தியர்பட்டியில நிறுத்திட்டு அரசு பஸ்லதான் வரணும். புலி, யானை நடமாடுற காடு, ஒரு ஒத்த ரோடு, அத்தன ஆயிரம் சனம், அப்படித்தான் வைக்க முடியும், அதுல எனக்கு வருத்தம் இல்ல. அப்பா என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, மதினியோட அண்ணனுக்கு நீ சொல்லிரு. காரை நம்பி வர வேண்டாம், வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்து எங்ககூட தங்கச் சொல்லு"ன்னாங்க. சரிப்பான்னேன். அது என் பொறுப்பு மதினி. இத ஞாபகத்துல வச்சுக்கங்க.

செக்போஸ்ட்ல நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. குட்டிப்பயலுக்கு சத்துமாவு, கேழ்வரகு மாவு, பருப்புப்பொடின்னு ஒவ்வொன்னையும் தனித்தனி கவர்ல போட்டு, மேல பேர் எழுதி ஒட்டி, எவ்வளவு அழகா பேக் பண்ணி வந்திருந்தீங்க. பிளாஸ்டிக் ஒன்னும் உள்ள போகக் கூடாது, எல்லாத்தையும் பிரிக்கச் சொல்லிட்டாங்க. உங்க சில்வர் தூக்குல சத்துமாவ கொட்டுனோம், கேழ்வரகு மாவு ஆச்சியோட ஓலைப்பெட்டிக்குள்ள போச்சு, பருப்புப்பொடி என் கைக்குட்டையில. இந்த பிளாஸ்டிக் விஷயத்தை உங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்க வேண்டியவளும் நான்தான். வருஷா வருஷம் போற நாங்க, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு விட்டுட்டோம். நீங்க முகம் சுளிக்கல. "பரவால்லைங்க, தூக்குல இன்னும் பத்திரமா இருக்கும்"னீங்க.

உள்ள போனா நாம வழக்கமா குடில் போடுற மேட்டு எடத்துல வேற குடும்பம். வேற வழியில்லாம ஆத்த ஒட்டி தாழ்வான எடத்துல கம்பு நட்டோம். சித்தப்பாவும் அத்தானும் தார்ப்பாயை இழுத்துக் கட்டிட்டு இருந்தப்பதான் நான் ஒரு பாறை மேல உக்காந்து உங்க அண்ணனுக்கு மெசேஜ் அடிச்சேன். பஸ் விவரம், கார் நிறுத்துற எடம், வெள்ளிக்கிழமையே வந்துருங்கன்னு எல்லாம் விளக்கமா அடிச்சு அனுப்புனேன். சாயங்காலம் நீங்க, "அண்ணனுக்கு சொல்லியாச்சுங்களா?"ன்னு கேட்டீங்க. சொல்லிட்டேன்னேன். அதோட உங்க போன்ல சார்ஜும் போச்சு.

வெள்ளிக்கிழமை காலைல குரங்கு வந்து ஓலைப்பெட்டியை தூக்கிட்டுப் போனது, அத்தை பின்னாடியே ஓடி வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்குனது, விறகு நனைஞ்சு ஒரு வேளை சோறு பாதி வேக்காட்டுல இறக்குனது, இதெல்லாம் எல்லா வருஷமும் உள்ளதுதான். ராத்திரிதான் பெருசாச்சு. சாயங்காலம் வரைக்கும் ஆடிச்சாரல் தூவிட்டு இருந்தது, பத்து மணிக்கு மேல கொட்ட ஆரம்பிச்சுது. தார்ப்பாய் நடுவுல தண்ணி குளம் மாதிரி தேங்கி தொங்குது, சித்தப்பா அத கீழ இருந்து கம்பால தள்ளப் போயி அவ்வளவு தண்ணியும் நீங்களும் குட்டிப்பயலும் படுத்திருந்த பாய் மேல. கொஞ்ச நேரத்துல, ஆத்தோரம் இருக்கவங்க மேட்டுக்கு ஏறுங்கன்னு சத்தம் போட்டுட்டு வந்துட்டாங்க. 2023 டிசம்பர்ல இந்த ஆறு என்ன ஆட்டம் ஆடுச்சுன்னு நம்ம யாரும் மறக்கல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை பெஞ்ச வெள்ளம் அது. ஒருத்தரும் எதிர்ப்பேச்சு பேசாம கெளம்பிட்டோம். இருட்டுல அண்டா, குண்டான், கோழி, கிடா, பிள்ளைங்க எல்லாத்தையும் மேல ஏத்துனோம். நீங்க ஒரு கையில பிள்ளையையும் ஒரு கையில அந்த தூக்கையும் புடிச்சுக்கிட்டு வெறுங்காலோட ஏறி வந்தீங்க.

மேல தெரிஞ்சவங்க குடில்ல ஓரமா எடம் குடுத்தாங்க. யாருக்கும் தூக்கம் வரல. நீங்கதான் ஆச்சிகிட்ட, பட்டவராயன் சன்னதியில ஏன் இவ்வளவு செருப்பு கட்டி வச்சிருக்காங்கன்னு கேட்டீங்க. முத்துப்பட்டன்தான் அங்க பட்டவராயன் சாமியா நிக்காருன்னு, வில்லுப்பாட்டுல கேட்ட அவரு கதைய ஆச்சி முழுசா சொன்னாவ. பிராமண வீட்டுப் பையன், பொம்மக்கா திம்மக்கான்னு ரெண்டு பொண்ணுங்கள பாத்து ஆசப்பட்டு, அவங்க அப்பா வாலப்பகடை சொன்னபடியே குடுமிய அறுத்து, பூணூல கழட்டி, செருப்பு தைக்கப் படிச்சு, அந்த வீட்டு மருமகனா ஆனது, கல்யாணம் ஆன கையோட மாடு திருட வந்தவங்ககூட சண்டைக்குப் போய் செத்தது, ரெண்டு பொண்ணுங்களும் கூடவே தீயில இறங்குனது எல்லாம். அவருக்கு நேர்ந்து கட்டுற செருப்பு அடுத்த வருஷம் பாத்தா நடந்து தேஞ்ச மாதிரி இருக்கும்னு ஆச்சி சொன்னாவ. நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "போன வீட்டு வழக்கத்தை முழுசா எடுத்துக்கிட்டாருங்கல்ல ஆச்சி"ன்னீங்க. ஆச்சி உங்க தலைய தடவிக் குடுத்தாவ. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன், கேட்டுட்டுதான் இருந்தேன்.

விடிஞ்சா சனிக்கிழமை. 9 மணிக்கு ராகுகாலம், அதுக்குள்ள மொட்டை போட்டுறணும்னு பெரியப்பா. உங்க அண்ணனக் காணோம். வெள்ளிக்கிழமையே வரல, மழையில மாட்டிருப்பாரு காலைல வந்துருவாருன்னு இருந்தோம். 7 ஆச்சு, 8 ஆச்சு. யார் போன்லயும் டவர் இல்ல. மொட்டை போடுறவரு வேற, பின்னால ஆளுங்க நிக்காங்க, சீக்கிரம் சொல்லுங்கங்கிறாரு. பெரியப்பா என்கிட்ட திரும்பி, "நீ சொன்னியா இல்லியா?"ன்னாரு. நான் சட்டுன்னு, "எல்லாம் சொல்லியாச்சு பெரியப்பா"ன்னேன். அப்ப நீங்க கெஞ்சுற மாதிரி கேட்டீங்க, ராகுகாலம் பத்தரைக்கு முடிஞ்சிரும்ல, அதுக்கு மேல வச்சுக்கலாங்களான்னு. ஒன்றரை மணி நேரம்தான் கேட்டீங்க.

அதுக்கு நான் சொன்னது. "சொல்ல வேண்டியத சொல்லியாச்சு மதினி. மருமகன் மொட்டைக்கு நேரத்துக்கு வரணும்னு உங்க வீட்டு ஆளுங்களுக்கே தோணலன்னா நாங்க என்ன செய்ய, எல்லாரும் ராத்திரி பூரா தூங்கல." உங்க முகம் அப்படியே செத்துப் போச்சு. அதுக்கப்புறம் நீங்க ஒன்னும் பேசல. நான் அப்படி பேசலன்னா பெரியப்பா பத்தரை வரைக்கும் பொறுத்திருப்பாருன்னுதான் எனக்கு இப்ப வரைக்கும் தோணுது. சித்தப்பா மடியில வச்சு மொட்டை போட்டாங்க. பிள்ளை அழுதான், நீங்க அந்த இலுப்பை மரத்துகிட்ட போய், மணியெல்லாம் மரத்துக்குள்ள பாதி புதைஞ்சு கெடக்கும்ல, அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டீங்க.

10.50-க்கு உங்க அண்ணன் வந்தாரு. செக்போஸ்ட் வரைக்கும் கார்ல வந்து, திருப்பி அனுப்பி, அகஸ்தியர்பட்டியில வண்டிய விட்டுட்டு, பஸ் வரிசையில கால்கடுக்க நின்னு. சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு, ஒரு தோள்ல சீர் சாமான் பை, சட்டைப்பையில பிள்ளைக்கு கம்மல். அவரு பிள்ளை தலையப் பாத்தாரு. ஒரு நிமிஷம் அப்படியே நின்னாரு. அப்புறம் வாங்கி மொட்டைத் தலையில முத்தம் குடுத்தாரு, நிமிரும்போது மீசையில சந்தனம் ஒட்டியிருந்துச்சு. அப்பா ஏதோ சமாதானம் சொல்லப் போக, "பரவால்லீங்க மாமா, நாந்தான் நேரத்துக்கு வந்திருக்கோணும்"னாரு. காதுகுத்து அவரு மடியில நடந்துச்சு. மத்தியானம் பிள்ளைக்கு உடம்பு சுட ஆரம்பிச்சது, கோயில்கிட்ட இருந்த மெடிக்கல் கேம்ப்ல காட்டி மருந்து வாங்கிட்டு, நீங்களும் அண்ணனும் உங்க அண்ணன்கூடவே பஸ் ஏறிட்டீங்க. அமாவாசைக்குக் கூட இருக்காம போறாங்களேன்னு அதுக்கும் ஒரு பேச்சு பேசுனாங்க. நான் அதையும் கேட்டுட்டு சும்மாதான் இருந்தேன்.

இப்ப நான் சொல்ல வந்தது. திங்கக்கிழமை நாங்க பஸ்ல கீழ இறங்குறோம், பாபநாசம் வந்ததும் டவர் கெடச்சு எல்லார் போனும் அடிக்க ஆரம்பிச்சுது. நான் என் போனை எடுத்து உங்க அண்ணனுக்கு போட்ட மெசேஜை பாத்தேன். பக்கத்துல சின்னதா கடிகாரம் மாதிரி ஒரு குறி இருந்துச்சு. நான் பாத்துட்டு இருக்கும்போதே அது ஒத்த டிக்கா மாறுச்சு, அப்புறம் ரெண்டு டிக். வியாழக்கிழமை பாறை மேல உக்காந்து அடிச்ச மெசேஜ் திங்கக்கிழமை மத்தியானம்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்துச்சு மதினி. அவருக்கு யாரும் எதுவும் சொல்லவே இல்ல. சொல்ல வேண்டியவ நான்.

அதோட நிக்கல நான். அவரு பாக்குறதுக்குள்ள அத அழிச்சேன். எல்லாருக்கும் அழின்னு ஒரு பட்டன் இருக்குல்ல, கை நடுங்குனாலும் அதத்தான் அமுக்குனேன். அவரு போன்ல இந்த மெசேஜ் அழிக்கப்பட்டதுன்னு ஒரு வரி இருந்திருக்கும். அவரு இன்னைக்கு வரைக்கும் என்னன்னு கேக்கல. வீட்டுலயும் நான் யார்கிட்டயும் சொல்லல. கோயம்புத்தூர்க்காரங்க நேரத்துக்கு வரமாட்டாங்கன்னு தீபாவளிக்கு பெரியப்பா பேசும்போது கூட நான் வாயத் திறக்கல.

உங்க அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. உங்க மேலயும் இல்ல. தப்பு என்னோடது, முழுசா என்னோடது. மன்னிச்சிருங்க மதினி. உங்க அண்ணனுக்கு நேத்து ராத்திரி போன் போட்டு இத சொல்லிட்டேன். அவரு ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "தங்கச்சிக்கு மொதல்ல சொல்லீருங்க"ன்னாரு. அப்பாகிட்டயும் சொல்லியாச்சு. அப்பா திட்டல. எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க, சாப்பிட வரல.

நம்ம வீட்டு வழக்கத்துல மூணு மொட்டை. அடுத்தது மூணாவது வயசுல. அது உங்க அண்ணன் மடியிலதான் நடக்கணும், நாள் நேரம் எல்லாம் அவருக்கு வசதிப்பட்ட மாதிரி வைக்கணும்னு அப்பாகிட்ட கேட்டுட்டேன். திருவிழா நெரிசல்ல வேண்டாம்னா சாதாரண நாள்ல கூட போகலாம், அய்யனார் எங்கயும் போகப் போறதில்ல. நீங்க வேண்டாம்னா அதுவும் சரி, அத சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு.

அப்புறம், அன்னைக்கு அவசரத்துல நீங்க விட்டுட்டுப் போன சில்வர் தூக்கு என்கிட்டதான் இருக்கு. மூடியில உங்க அம்மா பேரு வெட்டியிருக்குல்ல, அத பாத்ததுல இருந்து பார்சல்ல போட மனசு வரல. வெளக்கி வச்சிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை கொண்டு வரலாமான்னு மட்டும் சொல்லுங்க.